20-ம் தேதிக்கு அப்புறம் பார்க்கலாம்

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா மகன், கிளம்பும்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை என் கையில் வைத்தான். உள்ளே ஒரு ரைசன் 7 5700எக்ஸ் ப்ராசசர். அவன் புது கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டான், இது சும்மா கிடக்கிறதாம். "உங்க போர்டுல அப்படியே உட்காரும் மாமா. அதுக்கு முன்னாடி பயாஸை மட்டும் அப்டேட் பண்ணிடுங்க. பத்து நிமிஷ வேலை."

பயாஸ் என்பது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற நிரல், மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும். அந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

என் பிழைப்பு அப்படி. மதுரையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து நாற்பது சொச்சம் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதாமாதம் 11-ம் தேதி ஒரு கெடு, 20-ம் தேதி இன்னொரு கெடு. நடுவில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் தாமதக் கட்டணம் யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கம்ப்யூட்டரை 2018 கடைசியில் வாங்கினேன். பி450 சிப்செட் மதர்போர்டு, ரைசன் 5 2600 ப்ராசசர். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. அதன் பயாஸும் வாங்கிய அன்று இருந்த அதே 2018 பயாஸ்தான்.

அதைத் தொடாமல் விட்டதற்கு ஒரு பழைய கதை உண்டு.

2008. ஒரு ஆடிட்டர் ஆபீசில் சம்பளத்துக்கு இருந்தேன். வீட்டில் ஒரு பென்டியம் 4. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்றும் இல்லாமல் மதர்போர்டுக்காரர்களின் இணையதளத்தை மேய்ந்துகொண்டிருந்தேன். என்னிடம் இருப்பதைவிட மூன்று வெர்ஷன் புதிதாக ஒரு பயாஸ் கிடந்தது. அதனால் எனக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். புதுசு, அவ்வளவுதான். ஃப்ளாப்பியில் டாஸைப் போட்டு, ஃப்ளாஷ் கட்டளையை அடித்து, எண்டரைத் தட்டினேன். வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின. பாதி தாண்டியிருக்கும், திரை பொசுக்கென்று இருண்டது. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது.

தமிழ்நாட்டில் மின்வெட்டு தினசரிப் பழக்கமாகத் தொடங்கியிருந்த நேரம் அது. என்னிடம் யுபிஎஸ் இருந்தது. ஆனால் அதன் பேட்டரி செத்து ஒரு வருஷமாகியிருந்தது. அதை நான் நாலு பிளக் குத்துகிற பெட்டியாகத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, ஹார்ட் டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கிறது, லைட் எரிகிறது. ஆனால் ஆன் ஆனதும் 'பீப்' என்று ஒற்றைச் சத்தம் வருமே, அது வரவில்லை. திரையில் ஒன்றும் இல்லை. பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். அம்மாவுக்கு பயாஸ் என்றால் என்னவென்று தெரியாது. விஷயத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நல்ல வேளையாக அந்தக் காலத்து போர்டில் பயாஸ் சிப் கழற்றக்கூடியதாக இருந்தது. கிட்டத்தட்டச் சதுரமான கறுப்பு சிப், சுற்றி 32 கால், ஒரு சாக்கெட்டுக்குள் பதிந்திருக்கும். சர்வீஸ் கடைப் பையன் அதை நெம்பி எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சிப்பில் எழுதும் மிஷின் வைத்திருந்த வேறொரு கடைக்கு சைக்கிளில் போனான். திரும்பி வந்து செருகினான். பீப் வந்தது. 350 ரூபாய். அன்றிலிருந்து பயாஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த ஃபேன் நிற்பதுதான் ஞாபகம் வரும்.

பயாஸைப் பற்றிய பயம் எனக்கு மட்டும் உரியதில்லை. 2000-ம் வருஷம் நான் டேலி படித்த கம்ப்யூட்டர் சென்டரில் ஏப்ரல் 26 அன்று ஒரு கம்ப்யூட்டரையும் போட விடவில்லை. முந்தைய வருஷம் அதே தேதியில் சிஐஎச் என்ற வைரஸ் உலகம் முழுக்க ஆடித் தீர்த்திருந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998-ல் எழுதியது. செர்னோபில் அணு உலை வெடித்ததும் ஏப்ரல் 26 என்பதால் செர்னோபில் வைரஸ் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தை அழிப்பதோடு நிற்காமல், பல போர்டுகளின் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவிட்டது. ஒரு மென்பொருள் நினைத்தால் கம்ப்யூட்டரை எழுந்திருக்கவே விடாமல் செய்யலாம் என்று எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, அந்தச் சிப்பில் அப்படி என்ன இருக்கிறது? கரண்ட் வந்ததும் ப்ராசசருக்கு ஒன்றும் தெரியாது. ரேம் எங்கே, டிஸ்க் எங்கே, கீபோர்டு எங்கே என்று ஒவ்வொன்றையும் எழுப்பி, சரிபார்த்து, விண்டோஸ் கையில் ஒப்படைக்கும் வரைக்குமான வேலைக் குறிப்பு அதில் இருக்கிறது. இன்றைக்கு அதற்கு யுஇஎஃப்ஐ என்று பெயர், ஆனாலும் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். கடைகளில் 'பயாஸ் பேட்டரி' என்று ஒன்று கேட்டு வாங்குவோம், சிஆர்2032, ஒரு ரூபாய்க் காசு அளவில். அதற்கும் இந்த நிரலுக்கும் நேரடி உறவு இல்லை. அது கடிகாரத்துக்கும், நாம் மாற்றி வைத்த செட்டிங்குக்கும் மட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் செட்டிங் போகும். பாதியில் நின்ற பயாஸ் திரும்பி வராது. 2008-ல் நான் அதையும் மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

இப்போது ஊதுவதற்கு ஒரு காரணம் இருந்தது. ப்ராசசர் கையில் இருக்கிறது. என் போர்டு வெளிவந்தது 2018-ல். 5000 வரிசை ரைசன் வந்தது 2020 நவம்பரில். பிறக்காத ப்ராசசரை அந்தப் பழைய பயாஸுக்கு எப்படி அடையாளம் தெரியும்? அப்படியே மாட்டினால் திரை வராது. பயாஸை முதலில் ஏற்ற வேண்டும், அதையும் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். பலர் வரிசையை மாற்றி, புது ப்ராசசரை மாட்டிவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று அழுதிருக்கிறார்கள்.

இந்த வாய்ப்பே மயிரிழையில் கிடைத்ததுதான். 2020 மே மாதம் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் முதலில், அடுத்த தலைமுறை ப்ராசசர்கள் 500 வரிசை போர்டுகளில் மட்டும்தான் ஓடும் என்று அறிவித்தது. என் பி450 அதற்கு முந்தைய 400 வரிசை. பயாஸ் சிப்பில் இடம் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பல போர்டுகளில் அந்தச் சிப் 16 எம்பி. இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோ துணுக்கு அதைவிடப் பெரிது. ஒவ்வொரு தலைமுறை ப்ராசசருக்கும் உரிய நிரல் அதற்குள் அடங்க வேண்டும். பி450 வாங்கியவர்கள் போட்ட கூச்சலில், இரண்டே வாரத்துக்குள் ஏஎம்டி இறங்கி வந்தது. ஆனால் இடப் பிரச்சினை நிஜம். புதியதை ஏற்ற, பல போர்டுகளில் மிகப் பழைய ப்ராசசர்களுக்கான நிரலைக் கழற்றிவிட்டார்கள். சில இடங்களில் ஒரு தடவை மேலே ஏறிவிட்டால் பழைய வெர்ஷனுக்கு இறங்க முடியாது.

என் போர்டின் பக்கத்திலும் அந்த எச்சரிக்கை இருந்தது. இன்னொரு குறிப்பும் இருந்தது: மிகப் பழைய வெர்ஷனில் இருப்பவர்கள் நேராகக் கடைசி வெர்ஷனுக்குப் போகக்கூடாது, நடுவில் ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆக, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை ஊத வேண்டும்.

வெர்ஷன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உட்கார்ந்து படித்தேன். எனக்கு எரிச்சல் வந்த இடம் அதுதான். 'சிஸ்டத்தின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று ஒரே வரி, ஐந்தாறு வெர்ஷனுக்கு. என்ன ஆடிக்கொண்டிருந்தது, எதை நிறுத்தினீர்கள்? நான் வாடிக்கையாளருக்கு 'கணக்கு சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் விடுவார்களா? ஆனால் நடுவே தெளிவான வரிகளும் இருந்தன. 5000 வரிசைக்கு ஆதரவு என்று ஒன்று. பாதுகாப்பு ஓட்டை அடைப்பு என்று இரண்டு. பீட்டா, அதாவது சோதனை வெர்ஷன், என்று போட்டிருந்ததை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

அக்கா மகன் எப்போதும் புதுசு வந்த அன்றே ஏற்றுகிற கட்சி. அவனுக்கு நான் 2018 ஜனவரியை ஞாபகப்படுத்தினேன். ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று ப்ராசசர்களின் ஓட்டைகள் வெளியான மாதம். பயாஸ் வழியாகவும் வருகிற மைக்ரோகோட் என்னும் ப்ராசசரின் உள்நிரலுக்கு அவசரமாகத் திருத்தம் வெளியிட்ட இன்டெல், அதைப் போட்ட சில கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆவதால், தற்போதைக்கு யாரும் அதைப் போட வேண்டாம் என்று அந்த மாதமே சொல்ல வேண்டி வந்தது. ஒரு மாதம் ஊர் உலகம் ஏற்றிப் பார்க்கட்டும், அப்புறம் நான் என்றேன். "அது சரி மாமா, உங்களுக்கு ஏழு வருஷமா ஊர் உலகம் ஏத்திப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கு?" என்றான். பதில் சொல்லவில்லை.

எனக்கு இருந்த நிஜமான கேள்வி வேறு. கெட்டால் மீட்க முடியுமா? சில போர்டுகளில் பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். பென் டிரைவைக் குறிப்பிட்ட துளையில் செருகி அதை அழுத்தினால், ப்ராசசரே இல்லாவிட்டாலும் பயாஸை எழுதிக்கொள்ளும். சிலவற்றில் இரண்டு சிப் இருக்கும், ஒன்று போனால் மற்றது. என் போர்டு விலை குறைந்தது, இரண்டும் கிடையாது. சிப் சாக்கெட்டிலும் இல்லை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக எட்டுக் காலோடு போர்டிலேயே பற்ற வைத்திருக்கிறது. ஆனால் அதற்கும் வழி உண்டு என்று தெரிந்துகொண்டேன். துணிக் கிளிப் மாதிரி ஒன்றால் அந்த எட்டுக் கால்களையும் கவ்விப் பிடித்து, இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து எழுதலாம். எங்கள் பக்கம் லேப்டாப் சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் போன் போட்டு, "பயாஸ் ரைட் பண்ணுவீங்களா?" என்றேன். "சிப் லெவல் பண்ணுவோம் சார், போர்டைக் கொண்டாங்க" என்றார். போர்டு நல்லாத்தான் இருக்கிறது என்று சொன்னதும் வைத்துவிட்டார்.

அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பிப்ரவரி 20-ம் தேதி மாலை கடைசி ஜிஎஸ்டிஆர்-3பி போனதும், மறுநாள் சனிக்கிழமை என்று குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரவே ஒரு சோதனை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கீக் கீக் என்று கத்தியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நாற்பது எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்தது. பதினெட்டு வருஷம் கழித்து அதே தப்பைச் செய்ய இருந்தேன்! சனிக்கிழமை காலை முதல் வேலையாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று வாங்கி வந்து மாட்டி, சாயங்காலம் வரை சார்ஜ் ஏற விட்டு, மறுபடி பிடுங்கிப் பார்த்தேன். பத்து நிமிஷம் தாண்டியும் நின்றது. பேப்பரில் மின்தடைப் பகுதிகள் பட்டியலையும் பார்த்தேன். எங்கள் தெரு இல்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலை. எந்த போர்டு என்பதில் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். அதைப் போர்டின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டுப் படித்தேன். 64 ஜிபி பென் டிரைவை பயாஸ் கண்டுகொள்ளவில்லை. மேசை டிராயரில் ஒரு பழைய 8 ஜிபி கிடந்தது, அதை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்ததும் தெரிந்தது. பயாஸில் நான் மாற்றி வைத்திருந்த ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்தேன். அப்டேட் ஆனால் எல்லாம் முதலிலிருந்து. அப்புறம் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. வாடிக்கையாளர் கணக்கெல்லாம் இருப்பதால் டிஸ்க்கைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். பயாஸ் மாறினால் அது மிரண்டுபோய் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண்ணைக் காகிதத்தில் அச்செடுத்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன். பிட்லாக்கரை விண்டோஸிலேயே தற்காலிகமாக நிறுத்தியும் வைத்தேன். விண்டோஸுக்குள்ளிருந்தே பயாஸை ஏற்றும் மென்பொருளும் உண்டு. நடுவில் ஏதாவது ஒன்று தொங்கினால்? வேண்டாம். பயாஸுக்குள் போய் அங்கிருந்தே செய்வதுதான் என் கட்சி.

இரவு ஒன்பதரை. மகளிடம் யாரும் மாடிக்கு வரக்கூடாது, மோட்டார் போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முதலில் நடு வெர்ஷன். ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும், இதுதானா, நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டது. முதலில் அழிக்கும் பட்டை, அடுத்து எழுதும் பட்டை, கடைசியில் சரிபார்க்கும் பட்டை. எழுதும்போது 38 சதவீதத்தில் கொஞ்சம் நின்றது. மூச்சை நான் விட்டேனா என்று ஞாபகம் இல்லை. மொத்தம் மூன்று நிமிஷம்கூட இருக்காது. தானே ரீஸ்டார்ட் ஆனது. அப்புறம் இருட்டு. ஃபேன்கள் மட்டும் முழு வேகத்தில் இரைந்தன. புது பயாஸ் ரேமை முதலிலிருந்து பழகிக்கொள்ளும், ஒன்றிரண்டு நிமிஷம் திரை வராது, பவர் பட்டனில் கை வைக்கக்கூடாது என்று படித்திருந்தேன். படித்ததெல்லாம் அந்த இருட்டில் உதவாது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம் தணிந்தது, லோகோ வந்தது.

இரண்டாவது தடவை அவ்வளவு பயமில்லை. ஆனால் டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

ப்ராசசரை மறுநாள் மாற்றினேன். ஏஎம்4 என்கிற இந்தச் சாக்கெட் வகை ப்ராசசரைக் கழற்றும்போது, மேலே சூட்டைத் தணிக்க வைத்திருக்கும் ஹீட்சிங்க்கை நேராக இழுத்தால், காய்ந்துபோன பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு, பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசசரே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, இடமும் வலமுமாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். புதியதை உட்கார வைத்து ஆன் செய்ததும் ஒரு கறுப்புத் திரை: புது ப்ராசசர் மாட்டப்பட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சாவியை அழித்துவிட 'ஒய்' எழுத்து, அப்படியே வைத்திருக்க 'என்' எழுத்து. அழித்தால், பிட்லாக்கர் போட்டிருப்பவர்களுக்கு மீட்பு எண் இல்லாமல் திறக்காது என்று கீழே மிரட்டல். ரேஷன் கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒய்யை அழுத்தினேன். பிட்லாக்கரை நிறுத்தி வைத்திருந்ததால் விண்டோஸ் எதுவும் கேட்காமல் திறந்தது. லாகின் பின் எண்ணை மட்டும் புதிதாக வைக்கச் சொன்னது. 3200 வேகத்தில் ஓட வேண்டிய ரேம் 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது. போட்டோவைப் பார்த்து மாற்றினேன்.

டேலியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமே. மகள் காலேஜுக்காக எடிட் செய்கிற வீடியோதான் முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறதாம்.

இந்தப் பெருமையைப் பக்கத்துத் தெருவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற தம்பியிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர் கம்ப்யூட்டர் இன்டெல் 13-ம் தலைமுறை ஐ7, 2023-ல் வாங்கியது. சும்மா பார்க்கலாமே என்று, பயாஸ் தேதியைக் காட்டும் விண்டோஸ் பக்கத்தைத் திறந்தேன். 2022 என்று இருந்தது. எனக்கு முதுகில் சில்லிட்டது. அந்த 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பல தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தங்களையே கெடுத்துக்கொள்கின்றன என்று இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் மாதம் திருத்தம் வந்தது. பயாஸ் அப்டேட் வழியாகத்தான் கிடைக்கும். இனிமேல் கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பெட்டியோடு வாங்கிய ப்ராசசர்களுக்கு வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக நீட்டிக் கொடுத்தார்கள்.

"நல்லாத்தானே ஓடுது அண்ணே, எதுக்குக் கை வெக்கணும்?" என்றார். அம்மாவின் சங்கு அவர் வாயிலும் இருந்தது. இது ஊத வேண்டிய சங்கு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "பங்குனி முகூர்த்தம் முடியட்டும் அண்ணே. ஏழு ஆல்பம் நிக்குது."

என் 20-ம் தேதியை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை, இவரை என்ன சொல்ல? ஆனால் நான் காத்திருந்த ஐந்து வாரத்தில் என் ப்ராசசர் கெட்டுக்கொண்டிருக்கவில்லை. அதைச் சொன்னேன். யோசித்தார். "ஆல்பமெல்லாம் வேற டிஸ்க்குல இருக்கா?" என்றேன். இருந்தது. "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வாங்கண்ணே."

திறந்திருந்த வேலையை சேவ் செய்யச் சொல்லிவிட்டு, அவருடைய யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கீக் என்றுகூடக் கத்தவில்லை, கம்ப்யூட்டர் அப்படியே அணைந்தது. அன்று இரவு என் யுபிஎஸ்ஸை சாக்குத் துணியில் சுற்றி டூவீலர் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். பென் டிரைவ் சட்டைப் பையில் இருந்தது.